மெயின் கேட்டில் ஒரு ‘நீ’

(நமது குடியிருப்பின் பொங்கல் விழா மாலை நிகழ்ச்சியில், பி பிளாக்கைச் சேர்ந்த ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர் ஆற்றிய உரை. விழாவுக்கு வர இயலாதவர்களுக்காக எழுத்து வடிவில் தருகிறோம்.)

பேரப்பிள்ளைகளைப் பார்க்க ஊரிலிருந்து வந்து, நம்முடைய லிஃப்டையும் நம்முடைய தண்ணீரையும் பொறுத்துக்கொண்டிருக்கும் பெரியவர்களுக்குத் தனி வணக்கம்.

செயலாளர் எனக்குப் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார். முப்பத்தைந்து வருடம் வங்கியில் இருந்தவனுக்குப் பத்து நிமிடம் கொடுத்தால் வட்டி சேர்ந்து இருபதாகும் என்பது அவருக்குத் தெரியும். மேடைக்குப் பின்னால் வடை தயாராகும் வாசனை வருகிறது. அதற்குள் முடித்துவிடப் பார்க்கிறேன்.

போன மாதம் நம் வாட்ஸ்அப் குரூப்பில் நடந்தது உங்களுக்குத் தெரியும். கோபிசெட்டிபாளையத்திலிருந்து மகன் வீட்டுக்கு வந்த எழுபது வயதைத் தாண்டிய பெரியவர் ஒருவரை மெயின் கேட்டில் நிறுத்தி, நம் புது செக்யூரிட்டி பையன், “நீ யாரு? எங்க போற? இங்க பேர் எழுது” என்று கேட்டிருக்கிறான். பெரியவர் பெயரை எழுதிவிட்டு மேலே வந்து, அன்று இரவு சாப்பிடவில்லை. மகன் குரூப்பில் எழுதினார். ஆளை மாற்ற வேண்டும் என்று எட்டுப் பேர் ஆதரித்தார்கள். “நார்த் இண்டியன்ஸ் எல்லாமே இப்படித்தான்” என்று ஒருவர் போட்டார். டி பிளாக்கில் இருக்கும் கான்பூர்க்காரர் ஒருவர், “மூன்று வருடமாக இங்கே இருக்கிறேன், லிஃப்டில் குட் மார்னிங் சொன்னால் பதில் சொல்ல மாட்டீர்கள், நீங்கள் எங்களைச் சொல்கிறீர்களா?” என்று பதில் போட்டார். அதற்கப்புறம் குரூப் அட்மின் இரவு பதினொன்றரைக்குக் குரூப்பைப் பூட்ட வேண்டியதாயிற்று. புகார் மனு இப்போது செயற்குழுவிடம் இருக்கிறது. அடுத்த ஞாயிறு முடிவு செய்யப் போகிறார்கள். மனுவில் கையெழுத்துப் போடச் சொல்லி என்னிடமும் வந்தார்கள். நான் இன்னும் போடவில்லை. ஏன் என்றுதான் சொல்லப் போகிறேன்.

முதலில் ஒன்று. அந்தப் பெரியவர் வருத்தப்பட்டது முழுக்க நியாயம். “வயசானவர் பெரிசு பண்றார்” என்று எழுதியவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. கொங்கு நாட்டில் பிறந்து வளர்ந்தவருக்கு ‘நீ’ என்பது ஓரெழுத்துச் சொல் அல்ல, கன்னத்தில் விழும் அறை. நான் ஈரோட்டுப் பக்கம் நான்கு வருடம் கிளை மேலாளராக இருந்தேன். அங்கே ‘ங்க’ இல்லாமல் வாக்கியம் முடியாது. சரிங்க, இல்லீங்க, ஆமாங்க, ஏனுங்க. கடன் கட்டாதவருக்கு நோட்டீஸ் கொடுக்கப் போனாலும், “வாங்க, உட்காருங்க, மோர் சாப்பிடுங்க” என்பார்கள். மோரைக் குடித்துவிட்டு, “எப்போ கட்டுவீங்க?” என்றால், “கட்டிப் போடலாமுங்க” என்பார்கள். அந்த ‘லாமுங்க’வை நம்பி ஒரு முழு நிதியாண்டை நான் கடத்தியிருக்கிறேன். ‘இல்லை’ என்ற சொல்லை விருந்தாளி முகத்தில் எறியக் கூடாது என்பது அங்கே பழக்கம். ஆகவே ‘இல்லை’யையும் ‘ஆகட்டும்’ என்றே சொல்வார்கள். கேட்பவன்தான் குரலை வைத்துப் புரிந்துகொள்ள வேண்டும்.

இந்தக் கொங்குத் தமிழ் உலகப் புகழ் பெற்றது என்று சொன்னால் அங்கிருந்து வந்தவர்கள் சந்தோஷப்படுவீர்கள். பெனிலோப் பிரவுன், ஸ்டீபன் லெவின்சன் என்று இரண்டு மொழியியல் அறிஞர்கள். மனிதர்கள் பேச்சில் மரியாதையை எப்படிக் கையாளுகிறார்கள் என்பது பற்றி 1978இல் ஒரு நீண்ட ஆய்வை வெளியிட்டார்கள். 1987இல் அது கேம்பிரிட்ஜ் வெளியீடாகத் தனிப் புத்தகமாக வந்தது. அந்தத் துறையில் இன்றுவரை யாரும் அதைத் தாண்டிப் போக முடியாது, ஒப்புக்கொண்டாலும் மறுத்தாலும் அங்கேதான் தொடங்க வேண்டும். அவர்கள் எடுத்துக்கொண்ட மொழிகள் முக்கியமாக மூன்று. ஆங்கிலம், மெக்சிகோவின் மலைப்பகுதியில் மாயா இனத்தவர் பேசும் செல்டால், மூன்றாவது கோயம்புத்தூர் மாவட்டத்துக் கிராமத்துத் தமிழ்.

அவர்கள் சொன்னதில் நமக்கு வேண்டியது ஒரே விஷயம். மரியாதை இரண்டு வகை. ஒன்று, எதிரில் இருப்பவருடைய எல்லைக்குள் நுழையாமல் தள்ளி நிற்கிற மரியாதை. “சிரமம் இல்லைன்னா கொஞ்சம் நகர்ந்துக்கறீங்களா” என்பது அது. இன்னொன்று, ‘நீ நம்ம ஆள்’ என்று தோளில் கை போடுகிற மரியாதை. “டேய் மாப்ளே, தள்ளுடா” என்பதும் அவர்கள் கணக்கில் மரியாதைதான். ஒருவருடைய மனம் கோணாமல் பார்த்துக்கொள்வதற்கு இரண்டு வழிகள், அவ்வளவுதான். எந்த ஊரில் எதை எப்போது எடுக்க வேண்டும் என்பதில்தான் ஆளுக்கு ஆள் இடிக்கிறது.

ஈரோட்டிலிருந்து என்னைத் திருநெல்வேலிக்கு மாற்றினார்கள். முதல் நாள் காலை, கவுன்டருக்கு வந்த ஒரு பெரியவர் என்னைப் பார்த்து, “என்னவே, புது மேனேஜரா? சாப்டாச்சா?” என்றார். நான்கு வருடம் ‘ங்க’விலேயே குளித்துவிட்டுப் போன காதுக்கு அந்த ‘வே’ சுருக்கென்றது. நான் ஏதோ தப்பு செய்துவிட்டேன் போலிருக்கிறது என்று கேஷியரைப் பார்த்தேன். அவர் சிரித்தார். அது திட்டு இல்லை சார், உங்களைச் சேர்த்துக்கிட்டாங்க என்றார். ‘ஏலே’ என்பது சின்னவர்களுக்கும் சிநேகிதர்களுக்கும். ‘வே’ என்பது சமமானவர்களுக்கு. ‘அண்ணாச்சி’ என்பது மதிப்புக்கு. பழைய ஆட்கள் ‘நீரு’ என்றும் சொல்வார்கள். ‘நீ’க்கும் ‘நீங்க’ளுக்கும் நடுவில் ஒரு படி. மற்ற ஊர்த் தமிழில் அந்தப் படி பெரும்பாலும் இடிந்துபோய்விட்டது. யாழ்ப்பாணத் தமிழில் அந்த ‘நீர்’ இன்றும் நன்றாக இருக்கிறது. அதே நெல்லைச் சீமையில் கடன் கேட்டவரிடம் தர முடியாது என்றால், “தரமாட்டீரா? சரி, விடும்” என்று எழுந்து போய்விடுவார். கட்ட முடியாதவர் “முடியாதுவே, மழை இல்லை” என்று நேராகச் சொல்லிவிடுவார். எனக்கு அது பழகிய பிறகு நிம்மதியாகவே இருந்தது.

நம் சி பிளாக்கில் நாகர்கோவில்காரர்கள் இரண்டு குடும்பம் இருக்கிறார்கள். அவர்கள் வாயில் ‘மக்களே’ வந்துகொண்டே இருக்கும். மதுரைக்காரர்கள் வந்த ஐந்தாவது நிமிடம் எல்லோரையும் ‘அண்ணே’ ஆக்கிவிடுவார்கள், என்னைப் போல வழுக்கை விழுந்தவனையும் சேர்த்து. சென்னையில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு ‘பா’ ஒன்று போதும். ஆணுக்கும் ‘பா’, பெண்ணுக்கும் ‘பா’. “சொல்லுப்பா” என்று என் மருமகள் அவளுடைய சிநேகிதியிடம் போனில் பேசுவதைக் கேட்டு, யாரோ பையனிடம் பேசுகிறாள் என்று என் மனைவியின் அக்கா திருச்சியிலிருந்து வந்தபோது நினைத்துக்கொண்டார்.

இவ்வளவும் ஒரே மாநிலத்துக்குள், ஒரே மொழிக்குள். எல்லையைத் தாண்டினால் இன்னும் வேடிக்கை.

மலையாளத்தில் வினைச்சொல்லுக்கு ஆண், பெண், மரியாதை எதுவும் ஒட்டாது. வந்தான், வந்தாள், வந்தார் மூன்றுக்கும் அங்கே ‘வந்நு’ ஒன்றுதான். ஆகவே நம் மலையாளி நண்பர்கள் தமிழ் பேசும்போது வாலில் இருக்கும் மரியாதையைச் சில சமயம் தவறவிட்டுவிடுவார்கள். அது திமிர் இல்லை, அவர்கள் வண்டியில் அந்த கியரே கிடையாது. அவர்களுக்கு மரியாதை ‘சேட்டன்’, ‘சேச்சி’, ‘சார்’ என்று கூப்பிடுவதில் இருக்கிறது. அங்கேயே இன்னொரு விசேஷம் உண்டு. ‘நிங்கள்’ என்று சொல்வது வடக்கே மலபாரில் மரியாதை. தெற்கே திருவிதாங்கூர்ப் பக்கம் பெரியவரைப் பார்த்து ‘நிங்கள்’ என்றால் முகம் சுளிப்பார்கள். ஒரே சொல், ஒரே மாநிலம், ஓர் இரவு ரயில் தூரம்.

ஆந்திராவில் கோதாவரிக் கரைக்காரர்கள் நம் கொங்குக்காரர்களுக்குச் சொந்தம். வாக்கியத்துக்கு வாக்கியம் ‘அண்டி’ வரும். அவர்கள் காதுக்குத் தெலங்கானாக்காரர் சாதாரணமாகச் சொல்லும் ‘நுவ்வு’ கரடுமுரடாகத் தெரியும். தெலங்கானாக்காரரைக் கேட்டால், “அவர்கள் ‘அண்டி’ சொல்லிக்கொண்டே காரியம் சாதித்துக்கொள்வார்கள், நாங்கள் மனதில் இருப்பதைப் பேசுவோம்” என்பார். ஹைதராபாத் டீக்கடையில் இந்தச் சண்டையை நீங்கள் இலவசமாகக் கேட்கலாம்.

வடக்கே லக்னோவில் பெற்ற குழந்தையைக்கூட ‘ஆப்’ என்று மரியாதைப் பன்மையில் கூப்பிடும் வீடுகள் உண்டு. ‘முதலில் நீங்கள் ஏறுங்கள்’, ‘இல்லை, நீங்கள் ஏறுங்கள்’ என்று இரண்டு நவாபுகள் உபசரித்துக்கொண்டே ரயிலை விட்ட கதை வடநாடு முழுக்கப் பிரசித்தம். லக்னோவிலிருந்து மும்பைக்கு வேலைக்குப் போகிறவர் முதல் வாரம் அதிர்ந்துபோவார். மும்பை இந்தியில் ‘ஆப்’ அபூர்வம், ‘தும்’மும் ‘தூ’வும்தான். ஆனால் புறநகர் ரயிலில் தொங்கிக்கொண்டு ஓடிவருகிறவனைக் கை கொடுத்து உள்ளே இழுப்பதும் அந்த ‘தூ’ சொல்கிற ஆள்தான்.

புணேயைப் பற்றிச் சொல்லாமல் போனால் நம் குடியிருப்புக்கு நஷ்டம். அங்கே வீட்டு வாசலிலும் கடைகளிலும் வைக்கும் அறிவிப்புப் பலகைகளுக்கே தனிப் பெயர் உண்டு, ‘புணேரி பாட்யா’ என்பார்கள். ‘கேட் முன்னால் வண்டி நிறுத்தாதே’ என்பதைக்கூட படிக்கிறவன் தலைமுறைக்கும் மறக்காதபடி நக்கலாக எழுதுவார்கள். மற்ற மராட்டியர்களுக்குப் புணேக்காரர் என்றால் சுருக்கம், கறார், மத்தியானம் ஒன்றிலிருந்து நான்கு வரை கடை அடைப்பு. கோலாப்பூர்க்காரர் என்றால் உரத்த குரல், சிநேகிதனைக் கெட்ட வார்த்தையால் கூப்பிட்டுவிட்டு வயிறு நிறையச் சாப்பாடு. நம் பார்க்கிங் கமிட்டி ஒட்டும் நோட்டீஸ்களைப் பார்க்கும்போது, கமிட்டியில் புணேக்காரர் யாரோ இருக்கிறார் என்று நினைக்கிறேன்.

இதில் நான் ஒரு விஷயத்தைக் கவனித்தேன். வங்கியில் என்னைக் கொல்கத்தாவுக்கு மூன்று வருடம் அனுப்பினார்கள். அங்கே கிழக்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள், பழைய மேற்கு வங்கத்துக்காரர்களைக் கேலி செய்ய ஒரு நகைச்சுவை சொல்வார்கள். வீட்டுக்கு வந்தவரிடம், “சாப்பிட்டுவிட்டு வந்தீர்களா, போய்ச் சாப்பிடுவீர்களா?” என்று கேட்பார்களாம். புணேக்காரரைப் பற்றி மற்ற மராட்டியர் சொல்வது, “டீ வேண்டாம்தானே?” என்று உபசரிப்பார்களாம். நம் ஊரிலும் இது உண்டு. “சாப்பிட்டுட்டுத்தானே வந்திருப்பீங்க?” எந்த ஊர்க்காரரைப் பற்றி என்று நான் சொல்ல மாட்டேன். இந்த அரங்கத்திலேயே நான்கு ஊர்க்காரர்கள் இதை வேறு நான்கு ஊர்க்காரர்கள் மேல் சொல்வார்கள். மூன்று மாநிலத்திலும் ஒரே நகைச்சுவை, விலாசம் மட்டும் பக்கத்து ஊர். அப்படியென்றால் கஞ்சத்தனமோ முரட்டுத்தனமோ அந்த ஊர் மண்ணில் விளைகிறது என்று சொல்ல முடியாது. பக்கத்து ஊர்க்காரர் நம் முறைப்படி உபசரிக்கவில்லை என்ற மனக்குறைதான் எல்லா இடத்திலும் விளைகிறது.

கான்பூர் நண்பர் சொன்ன லிஃப்ட் விஷயத்துக்கு வருகிறேன். அதில் அவர் சொன்னது உண்மை. நாம் லிஃப்டில் எண்களைப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு பாட்டி என்னிடம், “ஏன் தம்பி, இங்க எல்லாருக்கும் எல்லாரோடயும் சண்டையா?” என்று கேட்டார். ஆனால் இதற்கும் தமிழனா, வடக்கத்தியனா என்பதற்கும் சம்பந்தம் குறைவு. ராபர்ட் லெவீன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1990களில் தன் நாட்டிலேயே 36 நகரங்களில் சோதனை செய்தார். பேனாவைத் தெரியாததுபோல் கீழே விடுவது, காலில் கட்டோடு பத்திரிகைகளைத் தவறவிடுவது, பார்வையற்றவர்போல் சாலையோரம் நிற்பது, ஸ்டாம்ப் ஒட்டிய கடிதத்தைத் தொலைத்ததுபோல் விட்டுவைப்பது. யார் உதவுகிறார்கள் என்று எண்ணினார்கள். நியூயார்க் மாநிலத்தில் உள்ள ராச்செஸ்டர் என்ற ஊர் முதலிடம். அதே மாநிலத்தில் உள்ள நியூயார்க் நகரம் கடைசி இடம். எதனால் என்று பார்த்தபோது, எல்லாவற்றையும்விட அதிகமாகப் பொருந்தி வந்தது மக்கள் நெருக்கடி. ஒரு சதுர மைலில் எத்தனை பேர் என்பதுதான். கூட்டம் கூடக் கூட மனிதன் கண்ணைத் தாழ்த்திக்கொள்கிறான். எல்லோருக்கும் வணக்கம் சொன்னால் ஆபீஸ் போக முடியாது.

அந்தச் சோதனையில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. தொலைந்த கடிதங்களில் ஒன்றை நியூயார்க்கில் யாரோ எடுத்து, கிழித்துப் படித்துவிட்டு, பின்பக்கத்தில் ‘பொறுப்பில்லாதவனே’ என்று தாயைச் சேர்த்துத் திட்டியும் எழுதி, திருப்பி அனுப்பியிருந்தார். திட்டினார், ஆனாலும் அனுப்பினார். அந்த மனிதரை மரியாதை உள்ளவர் கணக்கில் சேர்ப்பதா, இல்லாதவர் கணக்கில் சேர்ப்பதா?

நம்மிடம் நூற்று எண்பது வீடு, நான்கு லிஃப்ட். காலை எட்டரைக்கு நாம் எல்லோரும் நியூயார்க்காரர்கள்.

‘தேங்க் யூ’ பற்றியும் ஒரு வார்த்தை. நாம் நன்றி சொல்வதில்லை என்ற புகாரும் குரூப்பில் வந்தது. மானுடவியலாளர் அர்ஜுன் அப்பாதுரை 1985இல் தென்னிந்தியாவில் நன்றியுணர்ச்சி எப்படி வெளிப்படுகிறது என்று ஒரு கட்டுரையே எழுதியிருக்கிறார். தமிழர் பழக்கத்தில் நன்றியை வாயால் உடனே சொல்லித் தீர்ப்பது குறைவு. ஈ பிளாக் அம்மா பிரசவத்துக்கு ஓடி வந்து உதவினால், “நன்றி அம்மா” என்று யாரும் சொல்வதில்லை. ஆறு மாதம் கழித்து அவர் வீட்டுக் கல்யாணத்தில் பந்தி பரிமாறிவிட்டு வருகிறோம். பெற்ற தாயிடம் காபி வாங்கிக்கொண்டு ‘நன்றி’ சொன்னால், “என்னடா, என்ன ஆச்சு உனக்கு?” என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள். அந்தத் தாயை நம்மில் பாதிப் பேர் ‘நீ’ என்றுதானே கூப்பிடுகிறோம்? அப்பா ‘நீங்க’, அம்மா ‘நீ’, முருகன் ‘நீ’. பழனியில் போய் யாராவது “முருகரே, நீங்கள் என்னைக் காப்பாற்றுங்கள்” என்று வேண்டியிருக்கிறீர்களா? ‘நீ’க்குள் அறையும் இருக்கிறது, அணைப்பும் இருக்கிறது.

சரி, கேட்டுக்கு வருவோம்.

இப்படியெல்லாம் சொல்லி, ‘ஊருக்கு ஊர் வழக்கம், யாரும் முரடர் இல்லை’ என்று நான் பூசி மெழுகப் போகிறேன் என்று நினைக்காதீர்கள். முரடர்கள் உண்டு. எல்லா ஊரிலும் உண்டு, எல்லா பிளாக்கிலும் உண்டு. கண்டுபிடிக்க நான் வங்கியில் ஒரு வழி வைத்திருந்தேன். மேனேஜர் அறையில் வந்து ஒருவர் எப்படிப் பேசுகிறார் என்பதைப் பார்க்க மாட்டேன். வெளியே போகும்போது பியூனிடம் எப்படிப் பேசுகிறார் என்று காதைத் தீட்டிக்கொள்வேன். லெவின்சன் அந்தக் கோவைக் கிராமத்தைப் பற்றித் தனியாக இன்னொன்றும் எழுதினார். சாதியடுக்கும் பேச்சில் கொடுக்கிற மரியாதையும் எப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்று. அவ்வளவு இனிமையான ‘ங்க’ எல்லோருக்கும் சமமாக விளம்பப்படவில்லை. சிலர் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள், சிலர் வாங்கிக்கொண்டே இருந்தார்கள். இது கொங்குக்கு மட்டும் உரிய குறை இல்லை. தஞ்சாவூரில் பிறந்த நான் எங்கள் தெருவிலேயே பார்த்ததுதான்.

அந்தப் பையனோடு நான் பேசினேன். இருபத்து மூன்று வயது. ஊர் அசாம். (அசாமைப் போய் ‘நார்த்’ என்று எழுதியிருந்தீர்கள். வரைபடத்தில் வலது கோடியில் இருக்கிறது.) எனக்கு இந்தியும், கொல்கத்தா புண்ணியத்தில் கொஞ்சம் வங்காளமும் வரும். அசாமிய எழுத்து ஏறக்குறைய வங்காள எழுத்துதான். எங்களுக்குள் பேச்சு ஓடியது. அசாமிய மொழியில் ‘நீ’க்கு மூன்று படி உண்டு. தொய், துமி, ஆபுனி. நமக்கு இரண்டு படி, அவனுக்கு மூன்று. பெரியவர்களை ‘ஆபுனி’ என்று கூப்பிட்டு வளர்ந்தவன். தன் அப்பாவின் வயதுள்ளவரை ‘தொய்’ என்று அவன் ஊரில் சொன்னால் என்ன ஆகும் என்று கேட்டேன். நாக்கைக் கடித்துக்கொண்டான்.

பிறகு ஏன் இங்கே அப்படிக் கேட்டாய் என்றேன். அவனுக்குப் புரியவில்லை. ‘நீ’ என்றால் ‘ஆப்’ இல்லையா என்று கேட்டான். நம்மிடம் வருவதற்கு முன் பழைய மகாபலிபுரம் சாலையில் இரண்டு வருடம் கட்டட வேலை. அங்கே கற்ற தமிழ்: வா, போ, எடு, வை, சீக்கிரம், நீ எங்க போன, நீ யாரு. ‘வாங்க’ கேட்டதில்லையா என்றேன். கேட்டிருக்கிறானாம். நிறையப் பேர் சேர்ந்து வந்தால் சொல்வது என்று நினைத்திருக்கிறான். இலக்கணப்படி அவன் நினைத்ததில் தப்பே இல்லை. அவனிடம் யாரும் ஒரு நாளும் ‘வாங்க’ என்று சொல்லாததால், ஒற்றை ஆளுக்கும் அதைச் சொல்லலாம் என்பது அவனுக்குத் தெரிய வழியில்லை.

இங்கே வந்து ஐந்து மாதம் ஆகிறது. ஐந்து மாதத்தில் நம் நூற்று எண்பது வீட்டிலிருந்து அவன் என்ன கேட்டிருப்பான்? “கேட்டைத் திற.” “ஏய், அந்த கார் யாருது?” “நீ புதுசா?” நம் பிள்ளைகள் பள்ளி வேனிலிருந்து இறங்கி, ஐம்பது வயதுப் பகல் காவலரையே “நீ என் பந்தைப் பாத்தியா?” என்று கேட்கிறார்கள். நாம் பக்கத்தில்தான் நிற்கிறோம். அந்தப் பையன் பெரியவரிடம் கேட்ட ஒவ்வொரு வார்த்தையும், ‘நீ யாரு, எங்க போற, இங்க பேர் எழுது’, இந்த வாசலிலும் அந்தக் கட்டடத்திலும் அவனிடம் சொல்லப்பட்ட வார்த்தை. வாங்கியதைத்தான் திருப்பிக் கொடுத்தான், தெரியாமல்.

கையெழுத்துப் போடாததற்குக் காரணம் இதுதான். செயற்குழு சரி என்றால் ஏஜென்சிக்காரர்கள் திங்கட்கிழமையே அவனை எடுத்துவிடுவார்கள். பம்ப் ரூமுக்குப் பின்னால் இருக்கும் அறையைக் காலி செய்து பையைத் தூக்கிக்கொண்டு போக அவனுக்குப் பத்து நிமிடம் ஆகும். செவ்வாய்க்கிழமை ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ இன்னொரு பையன் வருவான். ஒடியாவிலும் மூன்று படி மரியாதை உண்டு. அவனும் வந்து நம்மிடம்தான் தமிழ் கற்பான்.

கோபியிலிருந்து வந்த பெரியவரிடமும் போன வாரம் பேசினேன். அவர் மகனின் அனுமதியோடுதான் சொல்கிறேன். நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, “அப்படீங்களா” என்றார். ஈரோட்டு அனுபவம் இருப்பதால், அந்த ‘அப்படீங்களா’வுக்கு ஒப்புக்கொண்டார் என்று அர்த்தம் பண்ணிக்கொள்ள நான் தயாராயில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “அந்தப் பையன் ராத்திரிக்கு எங்கீங்க சாப்பிடறான்?” என்று கேட்டார். அதை நீங்களே அர்த்தம் பண்ணிக்கொள்ளுங்கள்.

செயற்குழுவிடம் நான் எழுதிக் கொடுத்திருப்பது மூன்று வரி. மனுவை இரண்டு மாதம் நிறுத்தி வையுங்கள். புதிதாக வரும் காவலர், ஹவுஸ்கீப்பிங் ஆட்கள் எல்லோருக்கும் முதல் வாரமே கேட்டில் பேச வேண்டிய பத்து வாக்கியத்தைச் சொல்லிக் கொடுங்கள், அந்த வேலையை நானே செய்கிறேன், என் பென்ஷனுக்கு வேறு வேலை இல்லை. மூன்றாவது வரி நமக்கு. கேட்டில் ‘வாங்க’, ‘திறங்க’, ‘சொல்லுங்க’. வயது பார்க்க வேண்டாம், சீருடை பார்க்க வேண்டாம். நம் பிள்ளைகளுக்கும் அதையே. இதற்கு மெயின்டெனன்ஸில் பைசா ஏறாது என்று பொருளாளரிடம் உறுதி கொடுத்திருக்கிறேன்.

பத்தில் நான்கு வாக்கியம் பையனுக்கு ஏற்கெனவே வந்துவிட்டது. “வணக்கங்க, எந்த வீட்டுக்குப் போகணுங்க? பேரை இதுல எழுதிக் கொடுங்க. லிஃப்ட் அந்தப் பக்கங்க.” விசிட்டர் ரிஜிஸ்டரின் அட்டைக்குள் அசாமிய எழுத்தில் எழுதி ஒட்டி வைத்திருக்கிறான். ‘ழு’ மட்டும் வரவில்லை, ‘எளுதி’ என்கிறான். அதற்கு நான் அவனைக் கண்டிக்கவில்லை. நம் குடியிருப்பில் ‘ழ’ வருகிறவர்களை எண்ணினால் ஒரு லிஃப்டில் அடக்கிவிடலாம்.

வடை வந்துவிட்டது. கேட்டில் இரவுப் பணியில் இரண்டு பேர் இருக்கிறார்கள், அவர்களுக்கு இரண்டு தட்டு முதலில் போகட்டும்.